பார்க்காமல் சொல்பவர்

“கைய மௌஸ விட்டு எடுத்துட்டீங்களா? எடுத்துட்டேன்னு வாயால சொல்லுங்க, அப்பறம் பேசலாம்” என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்தில் குடைபோல் விரிந்து நிற்கும் துணிக்கொடியை நல்லசாமி இன்னொரு முறை வலம் வருகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. வலது கைச் சுண்டுவிரல் காற்றில் எதையோ அழுத்துகிறது. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வேலிக்கு மேலாக இதைப் பார்த்துவிட்டு, மனிதர் ஏதோ ஜபம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு சமோவாக்காரப் பெண்மணி அவர் மனைவி கல்யாணியிடம், “உன் கணவர் எந்தச் சபை?” என்று மரியாதையாக விசாரித்ததே உண்டு.

நல்லசாமிக்கு வயது ஐம்பத்தாறு. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நியூசிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் பேச்சில் ‘ங்க’ கொஞ்சமும் தேயவில்லை. மனிதர்களுக்குப் போடுகிற அதே மரியாதையைக் கணினிக்கும் போடுவார். “கொஞ்சம் பொறுங்க, அவருக்கு மூச்சு வாங்குது” என்பார். அவர் என்பது மேசைமேல் இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டி.

அந்த வருஷம் ஏப்ரலோடு எக்ஸ்பி என்கிற பழைய விண்டோஸுக்கு ஆதரவு நின்றுபோயிருந்தது. உலகம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. ஆக்லாந்துத் தமிழர்களுக்கு அப்படி முடியவில்லை. ஒருவரிடம் ஜாதகம் கணிக்கிற மென்பொருள் இருக்கும், இன்னொருவரிடம் சென்னையில் பர்மா பஜாரில் வாங்கிய தமிழ்த் தட்டச்சு இருக்கும். எல்லாம் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். ஆசையாக வாங்கிய புதுக் கணினி அவற்றை வாசலிலேயே மறித்துவிடும். இதற்கு நல்லசாமி செய்கிற வைத்தியம் வர்ச்சுவல் மெஷின். புதுக் கணினிக்குள் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் ஒரு பழைய கணினி இருப்பதாகப் பாவித்து, அதில் எக்ஸ்பியைக் குடிவைத்துவிடுவது. விளக்கம் கேட்பவர்களுக்கு ஒரே உதாரணம்தான். “பின்னாடி ஸ்லீப்அவுட்ல, அந்தத் தனி ரூம்புல, வாடகைக்கு ஆள் வெச்சிருக்கீங்கல்லங்க? அதேதான். கரண்டு, தண்ணி எல்லாம் உங்களுது. ஆனா அவரு தனிக் குடித்தனம்.”

குடித்தனக்காரர் வந்தபின் தொல்லைகளும் வராமல் இருக்குமா? அந்த ஜன்னலுக்குள் ஒருமுறை சொடுக்கினால் மௌஸ் உள்ளே போய்விடும். அம்புக்குறி வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். விசைப்பலகையில் வலதுபக்க கண்ட்ரோலை ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதான் விஷயத்துக்காக நல்லசாமிக்கு வாரத்துக்கு ஏழெட்டு அழைப்புகள் வருகின்றன. “மௌஸ் செத்துப்போச்சு சார்” என்று பதறுபவரிடம், “சாகலைங்க, உள்ளாரதான் இருக்காரு” என்று சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் நிதானத்தைப் பெரிய மருத்துவர்களிடம்கூடக் கேட்க முடியாது.

மௌஸுக்கு அடுத்தபடி திரை. தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பார்கள், கறுத்துவிட்டது என்பார்கள். எப்சத்தில் மகன் வீட்டில் இருக்கும் சுந்தரமூர்த்தி என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நேர்ந்தது வேறு விதம். ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்துத் தட்டி, எக்ஸ்பியை முழுத்திரைக்குக் கொண்டுவந்துவிட்டார். புதுக் கணினியின் சுவடே தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று பதினொரு நாள் வாயைத் திறக்காமல் அதிலேயே காலம் தள்ளினார். பன்னிரண்டாம் நாள் நல்லசாமியை அழைத்து, “புதுசு வாங்கி மூணு மாசந்தான் சார் ஆச்சு. அதுக்குள்ள பழசாயிடுத்து” என்று தழுதழுத்தார். நல்லசாமி துணிக்கொடியை அரைச்சுற்று வந்து, இரண்டு விசைகளைச் சொன்னார். புதுசு திரும்பி வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சுந்தரமூர்த்தி நல்லசாமியைக் கையெடுத்துக் கும்பிட்டதை நாற்பது பேர் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நல்லசாமி யார் வீட்டுக்கும் போவதில்லை. ஒருகாலத்தில் போய்க்கொண்டுதான் இருந்தார். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வீட்டுக்குத் திரையைச் சரிசெய்யப் போனவர், பிரிண்டரைப் பார்த்து, தொலைக்காட்சியைப் பார்த்து, ஹீட் பம்ப்பின் ரிமோட்டைப் பார்த்து, நடுவில் இரண்டு தரம் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு மாலையில் திரும்பினார். கதவைத் திறந்த கல்யாணி, “திரை சரியாச்சுங்களா?” என்று கேட்டபோதுதான், அதைப் பார்க்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அன்றோடு விஜயங்கள் நின்றன. எல்லாம் போனில்தான்.

வசதிக்காகச் செய்த ஏற்பாடு நாளடைவில் கொள்கையாகி, கொள்கை கர்வமாகிவிட்டது. “பார்த்துச் சொல்றதுக்கு யாரு வேணா இருக்காங்க. பார்க்காம சொல்லோணும்ங்க” என்பார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் மஹதி, “டாட், ஜஸ்ட் ஷேர் த ஸ்க்ரீன். இட்ஸ் ட்வென்டி ஃபோர்டீன்” என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். “அது தெரியாதவங்களுக்குக் கண்ணு” என்று அவள் தலையைத் தடவிவிட்டார். இன்னொரு வீம்பும் உண்டு. உள்ளே மௌஸ் மக்கர் செய்தால், அதைத் தொடவே விடமாட்டார். டேப், என்டர், ஆல்ட் என்று விசைகளாலேயே எதிராளியை நடத்திக்கொண்டு போவார். கண் தெரியாதவருக்குக் கைகொடுத்துச் சாலையைக் கடக்க வைப்பதுபோல அவ்வளவு பொறுமையாகச் செய்வார். ஆனால் இதில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

இந்தக் கர்வத்துக்குச் சோதனை, ஆயுத பூஜைக்கு மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. அழைத்தவள் லின்ஃபீல்டில் இருக்கும் நிர்மலாதேவி. மலேசியாவில் கிள்ளான் பக்கம். கணவன் ராஜூ பஸ் ஓட்டுகிறான். முதியோர் இல்லச் சமையலறையில் ஆறு வருஷம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், மூடப்போகிற ஒரு கடையிலிருந்து எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டிருந்தாள். மெஷினுக்குப் பூவும் எழுத்தும் வரைந்து கொடுக்கிற மென்பொருள் எக்ஸ்பி காலத்தது. அதை அவளுடைய புதுக் கணினிக்குள் குடிவைத்ததும் நல்லசாமிதான், போனிலேயே.

“அங்கிள், பசியாறிட்டீங்களா?” என்றாள். எவ்வளவு அவசரமானாலும் அவள் அதில்தான் ஆரம்பிப்பாள்.

“ஆச்சுங்க அம்மிணி. என்ன, உள்ள மாட்டிக்கிச்சுங்களா?”

“அம்பு அசையவே மாட்டுது அங்கிள். முப்பத்திரண்டு பேரும் டைப் பண்ணி வச்சிட்டேன். ஒவ்வொரு பேரையும் பிடிச்சு, கிளப் சின்னத்துக்குக் கீழ இழுத்து வைக்கணும். மௌஸ எப்படித் தள்ளினாலும் அங்கயே நிக்குது லா.”

“வெளிய எப்படிங்க?”

“வெளிய எல்லாம் நல்லா திறக்குது அங்கிள்.”

முப்பத்திரண்டும், ஆளைத் தொட்டு விளையாடுகிற ‘டச்’ ரக்பி கிளப் ஒன்றின் பெண்கள் அணிக்கான ஜாக்கெட்டுகள். சின்னம் தைத்து முடித்தாயிற்று. பெயர்கள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயிற்சியாளர் வந்து வாங்கிக்கொள்வார், அதைப் பார்த்துவிட்டு மற்ற அணிகளின் வேலையையும் தருவதாகச் சொல்லியிருந்தார். நிர்மலாதேவிக்கு அது முதல் பெரிய வேலை. அது கைநழுவினால் அடுத்தது வராது, முதியோர் இல்லத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று.

நல்லசாமிக்கு அவளுடைய பதிலே போதுமானதாக இருந்தது. வெளியே எல்லாம் நடக்கிறது, உள்ளே அசையவில்லை. வீட்டுக்காரர் சௌக்கியம், குடித்தனக்காரருக்குத்தான் சீக்கு. கண்களை மூடிக்கொண்டு வலத்தை ஆரம்பித்தார். முதலில் வலது கண்ட்ரோல். பலனில்லை. பிறகு மௌஸ் இணைப்பை அணைத்துப் போடச் சொன்னார். அதற்கும் மசியவில்லை. அமைப்புகளுக்குள் போய், சுட்டும் கருவி எது என்ற இடத்தில் ஒன்றை மாற்றி இன்னொன்றை வைக்கச் சொன்னார். “மாத்திட்டேன் அங்கிள்” என்று வெளியே நடக்க வேண்டியதை எல்லாம் அவள் டக் டக்கென்று செய்தாள். இவ்வளவு சூட்டிகையான பெண்ணை இதற்குமுன் அவர் போனில் சந்தித்ததில்லை. உள்ளே மட்டும் அம்பு நட்ட கல்லாக நின்றது.

பன்னிரண்டு மணிக்கு அவர் பெரிய வைத்தியத்தில் இறங்கினார். உள்ளேயும் வெளியேயும் உறவு வைத்துக்கொள்ள உதவும் சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. அதை அடியோடு நீக்கிவிட்டு, புதிதாகப் போடுவது. விசைகளாலேயே நீக்க வைத்தார். எக்ஸ்பி அணைந்து எழுந்தபோது, திரை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. புதிதாகப் போட்டதோ பாதியில் நின்றது.

“அங்கிள்,” என்றாள் நிர்மலாதேவி. “இப்ப டிசைன் ப்ரோக்ராமே வரமாட்டுது. ஸ்க்ரீன் பத்தாதுன்னு சொல்லி மூடிக்குது.”

காலையில் மௌஸ் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. இப்போது மென்பொருளும் இல்லை. நல்லசாமி நின்றுவிட்டார். கொடியில் காய்ந்த போர்வை ஒன்று காற்றில் வந்து முகத்தில் அறைந்தது, அதை விலக்கவும் தோன்றவில்லை.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு கோச் வந்துருவாங்க அங்கிள்” என்று அவள் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் ஏதாவது தேறுதல் சொல்லியிருப்பார். அவளோ மெதுவாக, தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். உதவி என்று கேட்டவளை இருந்த இடத்தையும் விட்டுப் பின்னால் தள்ளியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

மீண்டும் ஆரம்பித்தார். வலம் வரவில்லை, ஒரே இடத்தில் நின்றார். திரையை மட்டும் பழையபடி விரியவைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. டிசைன் மென்பொருள் திறந்தது. அம்பு காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. “ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க அம்மிணி” என்று வைத்துவிட்டு, சமையலறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்றரை.

கல்யாணி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “போயிட்டு வாங்க” என்றாள்.

“நான்தான் யாரு ஊட்டுக்கும் போறதில்லைன்னு...”

“எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது? அந்தப் புள்ள இருந்த வேலையையும் விட்டுப்போட்டு நிக்குது. உங்க வைராக்கியத்த வெச்சுக்கிட்டு அது என்ன பண்ணும், ஜாக்கெட்டுல தைக்குமா?”

நல்லசாமி கார் சாவியை எடுத்தார். லின்ஃபீல்டுக்குப் பத்து நிமிஷம். போகிற வழியெல்லாம் மௌஸை இயக்கும் டிரைவர் மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சுண்டுவிரல் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. வரவேற்பறை முழுவதையும் மெஷினே அடைத்துக்கொண்டிருந்தது. சோபாவில் முப்பத்திரண்டு நீல ஜாக்கெட்டுகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மார்பிலும் கிளப் சின்னம், அதன் கீழே பெயருக்கான இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் கணினி. திரையும் பெட்டியும் ஒன்றாகவே சேர்ந்த ரகம், கண்ணாடி போலப் பளபளப்பு.

“எங்க, வெளிய எப்படி ஓடுதுன்னு ஒருக்கா காட்டுங்க அம்மிணி” என்றார்.

நிர்மலாதேவி கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டாள். ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொரு தொடல், அது மூடிக்கொண்டது. “பாருங்க அங்கிள். வெளிய எல்லாம் நல்லா திறக்குது தானே?”

நல்லசாமி அந்த விரலையே பார்த்தார். காலை பத்து மணியிலிருந்து அவர் ‘அதச் சொடுக்குங்க, இதச் சொடுக்குங்க’ என்று சொன்னதெல்லாம் இந்த விரல்தான் செய்திருக்கிறது.

“வெளிய மௌஸ ஓட்டிப் பாக்கவே இல்லைங்களா?”

“மௌஸ் உள்ளுக்குத் தானே அங்கிள். பேரை இழுக்க விரல் பத்தாது, தடியா இருக்கு. அதுக்கு மட்டுந்தான் மௌஸ். வெளிய எதுக்கு, விரல் இருக்கே.”

அவர் மௌஸைக் கையில் எடுத்து மல்லாத்தினார். சிவப்பு வெளிச்சம் வரவேண்டிய துளையின் மேல், பத்து சென்ட் நாணயம் அளவுக்கு வட்டமாக, விளிம்பு பிசகாமல், சந்தனம் காய்ந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

“பூசைக்கு வச்சது அங்கிள்” என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்கதானே சொன்னீங்க. வியாழக்கிழமை போன் பண்ணிக் கேட்டேன்ல, மேல பொட்டு வச்சா கையில ஒட்டி ஜாக்கெட்டெல்லாம் கறையாயிடுமேன்னு. எல்லாத்துக்கும் அடியில வச்சிடச் சொன்னீங்க. சாமி அடியிலயும் பார்த்துக்கும்னு சொல்லிச் சிரிச்சீங்க.”

அவருக்கு ஞாபகம் வந்தது. கிடங்கில் யாரோ ஒருவரின் மேசைக்கடியில் குனிந்து வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. தையல் மெஷினையும் கத்தரிக்கோலையும் நினைத்துக்கொண்டு, ‘எல்லாத்துக்கும்’ என்று தாராளமாகச் சொல்லியிருந்தார். அதையும் பார்க்காமல்தான் சொல்லியிருந்தார். இந்தப் பெண் ஒருவார்த்தை கடிந்து பேசினால் தேவலை என்றிருந்தது. அவளோ, தான்தான் தப்புச் செய்துவிட்டதுபோல ஜாக்கெட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். சந்தனம் முழுசாகப் பெயர்ந்து, ஒரு வில்லையாக இடது உள்ளங்கையில் விழுந்தது. மிச்சத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். சிவப்பு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. மௌஸை மேசையில் வைத்து லேசாகத் தள்ளினார். அம்பு ஓடியது. வெளியே ஓடியது, உள்ளே போனது, திரும்பி வந்தது. கண்ட்ரோலைத் தட்ட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

“விடுங்க அங்கிள், விடுங்க” என்று நிர்மலாதேவி மௌஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். முதல் பெயரைப் பிடித்து இழுத்து, சின்னத்துக்குக் கீழே நிறுத்தினாள். ஜாக்கெட்டைச் சட்டத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். மெஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. ‘ஹினே’ என்ற பெண்ணின் முதல் எழுத்து மஞ்சள் நூலில் எழும்பியது. அவள் நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது, முப்பத்திரண்டு பெயருக்கும் நேரம் இருந்தது.

சத்தம் கேட்டு, அப்போதுதான் வேலை முடிந்து வந்த ராஜூ பஸ் சீருடையோடு உள்ளே ஓடிவந்தான். “ஓடுதா? ஐயோ, சாமி! காலையில போன் பண்ணப்ப இவ குரலே சரியில்ல அங்கிள். என்னா கோளாறு?”

நல்லசாமி இடது கையை மெல்ல மூடிக்கொண்டார். காரில் அடுக்கிக்கொண்டு வந்த பெயர்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தாது.

“அதெல்லாம் அங்கிள் சரி பண்ணிட்டாங்க” என்றாள் நிர்மலாதேவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க போய் அவருக்குத் தேத்தண்ணி கலக்குங்க.”

ராஜூ உள்ளே போனான். சந்தன வில்லை இன்னும் நல்லசாமியின் உள்ளங்கையிலேயே இருந்தது. மேசைக்கடியில் நூல் துணுக்குகள் நிறைந்த குப்பைக்கூடை. கை அதன் பக்கம் போனது, சாமிக்கு வைத்ததாயிற்றே என்று பாதியில் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிக்காக வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, வில்லையை உள்ளங்கையிலேயே குழைத்து, தன் நெற்றியில் நடுவாக இட்டுக்கொண்டார்.